பிரேக் வாத்தியாரின் வலது கால்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு இடத்தில் கற்றுக்கொண்டவர்கள். வீட்டில் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் பிரேக் வாத்தியார்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் வாத்தியார். வாத்தியாரின் காலடியிலும் இரண்டு பெடல்கள் உண்டு. இடது பக்கம் கிளட்ச், வலது பக்கம் பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. ஓட்டுவது கற்றுக்கொள்கிறவர் பாடு, நிறுத்துவது வாத்தியார் பாடு. மற்ற டிரைவிங் ஸ்கூல்களில் ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். இவர் ஆத்திரம் வந்தாலும் மிதிப்பார். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் ஒரு மிதி. பார்த்துவிட்டு இண்டிகேட்டர் போட மறந்தால் இன்னொரு மிதி. தலையில் குட்டு வாங்கியதுபோலக் கார் நடுரோட்டில் குலுங்கி நிற்கும். கற்றுக்கொள்கிறவரின் நெற்றி ஸ்டியரிங்கில் போய் இடிக்கும்.

"வலிக்குதா?" என்று கேட்பார். "ரோட்டைத் தாண்டுறவனுக்கு இதைவிட வலிக்கும்."

ஒரு முறை ஒரு பல் டாக்டர் அம்மா சந்தைக்கு நடுவில் காரை நிறுத்திவிட்டு அழுதார். வாத்தியார் கண்ணாடியை இறக்கிவிட்டார், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வசதியாக. "அழுது முடிச்சதும் சொல்லுங்க, முதல் கியர் போடலாம்" என்றார். அந்த அம்மா பிறகு அருமையாக ஓட்டினார். ஆனால் வாத்தியாருக்குப் பல் வலி வந்தபோது அந்தப் பக்கம் போகிற தைரியம் அவருக்கு வரவில்லை.

மனைவிக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஒரே ஒரு பாடம். தெருமுனை வரைக்கும் போனார்கள். அவள் அங்கேயே காரை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "பயந்தாங்கொள்ளி" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வயதானவர்கள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனியாவது ஒரு கார் ஓட்டிப் பார்க்கலாமே என்று ஆசையோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். "ஆஸ்பத்திரிக்கு வழி கேக்குறீங்களா? நேராப் போய் இடது பக்கம்." நரைத்த தலை ஒன்று முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், பக்கத்தில் இருக்கும் மாணவனுக்குக் காட்டுவார். "பாத்துக்கோ. சக்கரம் வச்ச சவப்பெட்டி. உள்ள போகப்போறது யாருன்னு மட்டும் இன்னும் முடிவாகல."

அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எந்தக் காரும் எந்த மனிதர்மீதும் பட்டதில்லை. அது உண்மை. கண் பார்த்து, மூளை யோசித்து, பிறகு கால் மிதிப்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அவருடைய வலது கால் தானே பார்க்கும், தானே மிதிக்கும். வீட்டில் சாப்பாட்டு மேஜையின் விளிம்புக்குத் தண்ணீர்க் குவளை வந்துவிட்டால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குவளையை நகர்த்தி வைப்பாள்.

எழுபது தாண்டியதும் ஸ்கூலை விற்றார். இரண்டு பக்கமும் பெடல் வைத்த பயிற்சிக் கார் ஸ்கூலோடு போயிற்று. முழங்காலில் வலி வந்திருந்தது. மகள் ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற வேலை அவளுக்கு. அவள் நாலு பேரைக் கேட்டு, யோசித்து, அப்பாவுக்கென்று கியர் இல்லாத சின்னக் கார் ஒன்றை வாங்கித் தந்தாள்.

"கிளட்ச் கிடையாதுப்பா. முட்டிக்கு நல்லது. இருக்கிறதிலேயே பத்திரமான வண்டி இதுதான்."

அவர் குனிந்து பார்த்தார். காலடியில் இரண்டே பெடல்கள். இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்ஸிலேட்டர்.

"விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

தினமும் காலையில் கிளம்பிவிடுவார். போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. பழைய மாணவர் ஒருவர் வைத்திருந்த டயர் கடை, பேப்பர் கடை, பெட்ரோல் பங்க், பிறகு மாணவர்களை ஓட்டிப் பழக்கிய அதே சாலைகளில் ஒரு சுற்று. நடந்துபோகிறவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில், நடுரோட்டில் போவார். பின்னால் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "எவன்டா உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தது?" என்று கத்துவார். பல சமயம் அது அவரேதான். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார். மனைவி கேட்டைத் திறந்துகொண்டு நிற்பாள்.

கண் மங்கி வருவது அவருக்குத் தெரியும். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். எத்தனையோ மாணவர்களை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர், கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். மடமடவென்று ஒப்பித்தார். அட்டையை எதிர்ச்சுவருக்கு மாற்றி மாட்டியிருந்தார்கள். அவர் படித்தது வெறும் சுவரை. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஸ்டியரிங்கில் நெற்றியை இடித்துக்கொண்டவர்தான்.

"வாத்தியாருக்கே டெஸ்ட் வைக்கிறதா? நல்லாயிருக்கே கதை!" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். பயம் ரொம்ப நாள் உள்ளே கிடந்தால் மரியாதை மாதிரியே ஆகிவிடுகிறது.

முதல் தடவை அது நடந்தது டயர் கடை வாசலில். நிறுத்துவதற்காக வலது காலை அழுத்தினார். கார் நிற்காமல் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டியது. ஒரு டயர் உருண்டு எதிர்க் கடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"வாத்தியாரே, டயர் வாங்க வந்தீங்களா, டயரை அடிக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பிரேக் பிடிக்கலப்பா. என்னத்த வண்டி செய்றானுங்க!"

ஒர்க்ஷாப்பில் காரைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் சொல்வதற்கு முன்பே அது அவருக்குத் தெரியும். ரொம்ப காலத்துக்கு முன்னால் அவரிடம் வேலை பார்த்த உதவி வாத்தியார் ஒருவர், தன் சொந்தக் காரை, அதுவும் கியர் இல்லாத கார், இப்படித்தான் ஒரு கம்பத்தில் கொண்டுபோய் விட்டார். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வலது பெடலை மிதித்தே நிறுத்திப் பழகிய கால் அது. மூன்று பெடல் இருக்கிற காரில் குழம்பாது. இரண்டே பெடல் என்றால், அவசரத்தில், தான் இன்னும் பக்கத்து சீட்டில்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வலது பெடலைத் தேடிப் போகும். கார் பாயப் பாய, பிரேக் போதவில்லை என்று இன்னும் ஓங்கி மிதிக்கும். வாத்தியார்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி. அந்த உதவி வாத்தியாரை இவர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். "எந்த சீட்ல உக்காந்திருக்கோம்னு தெரியாத கால் எனக்கு எதுக்கு? வீட்டுக்குப் போய்த் தையல் மிஷின் ஓட்டு."

இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் சாவி போகும். சாவி போனால், யாரோ ஓட்டுகிற காரின் பின் சீட்டில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர் சொல்லவில்லை. "இன்னும் மெதுவாப் போனாப் போதும்" என்று காலுக்கு மட்டும் சொன்னார். கால் கேட்டுக்கொண்டதுபோலத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான். மதிய வெயில். கேட் திறந்திருந்தது. ஷெட்டில் இடம் குறுகல் என்பதால், எதுவரைக்கும் வரலாம் என்று மனைவிதான் சொல்வாள். வழக்கம்போல உள்சுவரை ஒட்டி நின்று கையை ஆட்டினாள். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் வந்த கண்ணுக்கு அவள் தெரியவில்லை. கை மட்டும் வெளுத்த துணிபோல அசைந்தது.

"வாங்க... வாங்க... போதும். நிறுத்துங்க."

வலது கால் நிறுத்தியது. கார் பாய்ந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவள் கத்தக் கத்த, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி நிறுத்தினார்.

பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய இடது கால் இருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. எப்படியோ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினார். அவள் காரின் முன்பக்கத்தில் கவிழ்ந்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவள்போல இருந்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"அங்க ஏன்டி நின்ன?"

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. கம்பி வைத்தார்கள். நடக்க முடிந்தாலும் இனி வாக்கரோடுதான் என்றார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"நான்தான் டாக்டர். கால் தடுக்கி வண்டிக்கு முன்னாடி போய் விழுந்துட்டேன். அவர் என்ன பண்ணுவார், பாவம்."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மறுநாளிலிருந்து, பார்க்க வருகிறவர்களிடம் அவரும் சொல்ல ஆரம்பித்தார். முதலில் மெல்லிய குரலில், "தடுக்கிட்டா" என்று. பிறகு கொஞ்சம் சேர்த்து, "இவளுக்குக் கவனம் பத்தாது, எப்பவுமே" என்று. டயர் கடைக்காரர் பழங்களோடு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, காற்றில் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார்.

"நான் மட்டும் பிரேக் போடலைன்னா இவ இன்னிக்கு உயிரோட இல்ல."

"அக்கா, வாத்தியார் கால் வச்சா லாரியே நிக்கும். நீங்க போய் நடுவுல விழுந்து அவர் பேரைக் கெடுக்கப் பாத்தீங்களே!" என்றார் கடைக்காரர்.

"ஆமாம்ப்பா, என் தப்புதான்" என்று அவள் தலையாட்டினாள்.

வாத்தியாருக்கு அவள்மீது புதிதாக ஒரு பாசம் பிறந்தது. ஆரஞ்சை உரித்து, நாரை எடுத்து, விதையை எடுத்து, சுளை சுளையாக அவள் வாயில் வைத்தார். தன் மானத்துக்காக ஒரு காலையே கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து, இன்னொரு ஆரஞ்சை எடுத்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவள் தன்மேல் இவ்வளவு உயிராக இருந்தது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்.

மகள் மட்டும் நம்பவில்லை. ஷெட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். தரையில் சக்கரம் சுழன்று சுழன்று தேய்த்திருந்த கறுப்பைப் பார்த்தாள்.

"பிரேக் போட்ட வண்டி தரையை இப்படித் தேய்க்காதுப்பா."

"நீ எனக்குப் பிரேக்கைப் பத்திச் சொல்லித் தர்றியா?"

"வண்டி தானாப் பாய்ஞ்சிடுச்சு, அவங்களா வந்து விழுந்துட்டாங்கன்னு சொல்ற தாத்தாக்களை தினமும் பாக்குறேன். என் டேபிளுக்கு முன்னாடிதான் உக்காந்து அழறாங்க. சாவியைக் குடுங்க."

"உங்கம்மாவைக் கேளு. நான் இடிச்சேன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே தர்றேன்." அவருக்கு மனைவிமீது அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, முன்னறையில் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருந்தது. அன்று மதியம்தான் ஒர்க்ஷாப்பிலிருந்து கார் வந்தது, புது பம்பரோடு. வாத்தியார் உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். நாளைக் காலை டயர் கடைக்குப் போக வேண்டும். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அவர் இங்க இல்ல. என்கிட்ட மட்டும் சொல்லு. நீ தடுக்கி விழுந்தியா?"

"ஏன்டி, ஆபீஸ்ல கேக்குற மாதிரியே கேக்குற?"

"அம்மா."

"விழல."

வாத்தியாரின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

"அப்ப எதுக்கு அப்படிச் சொன்ன? அப்பா மானம் போயிடும்னா?"

"அவர் மானத்தை வறுத்தா திங்கப்போறேன்?"

"பின்ன?"

"காலைல வண்டியை எடுத்துட்டுப் போறார்ல, மதியம் வர்ற வரைக்கும். அந்த நேரம் எனக்கு வேணும்."

"எதுக்கும்மா?"

"நீ கல்யாணம் பண்ணித் தப்பிச்சிட்ட. பகல்ல ஊரைத் திட்டிட்டு, மிச்சம் இருக்கிறதைச் சாயந்தரம் கொண்டுவந்து எனக்குப் போடுவார். ஸ்கூலை வித்த அன்னிக்கு நான் அழுதேனே, நீகூட அப்பாவுக்காக அழறேன்னு நெனச்சுக் கட்டிப்பிடிச்சியே, அது எனக்காக அழுததுடி. வெங்காயத்தைக் குறுக்க நறுக்குனாத் தப்பு, நெடுக்க நறுக்குனா ஏன்னு கேள்வி. கதவைச் சாத்துனாப் பாடம், சாத்தலைன்னாப் பாடம். அப்புறம் நீ ஒரு கார் வாங்கிக் குடுத்த பாரு, அதுதான் என்னைப் பெத்த தாய். அது கிளம்பிப் போனதும் அவர் நாற்காலிலயே உக்காந்து, காலைத் தூக்கி மேஜை மேல போட்டுக்கிட்டு, சும்மா இருப்பேன். ரேடியோகூடப் போட மாட்டேன்."

"அதுக்காகக் கால் ஒடிஞ்சாலும் பரவாயில்லையா?"

"ஒண்ணுதானே ஒடிஞ்சது. இன்னொண்ணு இருக்கு."

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மனைவி சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று ஷெட்டில் இருந்தவருக்கு நினைவுக்கு வரவில்லை. அது எப்படி இருக்கும் என்பதையே இப்போதுதான் கேட்பதுபோல இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு ஸ்கூல் விட்டு வர்ற குழந்தை எது மேலயாவது ஏத்திடுவார்."

"நம்ம வீட்டுக் குழந்தையா?"

"யாரோ ஒருத்தங்க குழந்தை."

"யாரோதானே" என்றாள் அம்மா.

கட்டில் கிரீச்சிட்டது.

"உனக்கு அவ்வளவு கவலைன்னா ஒண்ணு பண்ணு. உங்கப்பாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாளெல்லாம் வச்சுக்கோ. சாவியை நானே பிடுங்கித் தர்றேன்."



"எங்க வீட்டுல ஏதும்மா இடம்? மாமியார் வேற இருக்காங்க." பிறகு, ஆபீஸ் குரலை விட்டுவிட்டு, "மெதுவாத்தானே ஓட்டுறார். அந்த வண்டியைப் பாத்தாலே ஆளுங்க ஒதுங்கிக்குவாங்க. விடு. நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல."

"இப்பத்தான் பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு மாதிரிப் பேசுற."

சாவி இனி அவருடையதுதான். நாளைக் காலை கிளம்பலாம், நாளை மறுநாளும் கிளம்பலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வாத்தியார் அந்த சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தான் தெருவுக்குள் இறங்குகிற ஒவ்வொரு காலை வேளையும் அவளுக்கு விடுதலை என்பது, ஒவ்வொரு சுளையாக, மெல்லத்தான் உள்ளே போயிற்று. பிறகு காரை விட்டு இறங்கி, கதவைப் பூட்டி, முன்னறைக்கு வந்தார்.

"என்னங்க, டீ குடிக்கிறீங்களா? இவளைப் போடச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி, வழக்கமான குரலில்.

அவர் மகளின் கையைப் பிடித்து, விரலை விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்தார்.

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன். இவ கத்தினதும் இன்னும் அமுக்குனேன். டயர் கடையில முட்டுனதும் அதே கதைதான். அப்பவே எனக்குத் தெரியும். கண்ணும் தெரியல. லைசென்ஸ் ஆபீஸ்ல வெறும் சுவரைப் படிச்சுட்டு வந்தேன்." முதல் நாள் பாடம் எடுக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அப்பா, இப்ப எதுக்கு..."

"நான் ஓட்டினா யாராவது சாவாங்க. நான் சொல்லி நீ கேட்டாச்சு. இனிமே சாவியைத் திருப்பிக் குடுத்தா அந்தச் சாவு உன் தலையிலதான். உன் ஆபீஸ்ல இதுக்கு என்ன பேருன்னு உனக்கே தெரியும்."

கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். கால் விடவில்லை. ஜன்னல் திறந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"பொய் சொல்றார்டி! வயசாச்சு, உளர்றார். என் கால்தானே, எனக்குத் தெரியாதா? நான்தான் தடுக்கி விழுந்தேன். சாவியைக் குடுத்துடு அவர்கிட்ட." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இத்தனை வருஷம் ஓட்டிட்டு இப்படிப் பேசலாமா? இந்த ஊர்ல உங்களை மாதிரி ஓட்ட யார் இருக்காங்க?"

வாழ்நாளெல்லாம் அவள் வாயிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது.

"நான் எங்கயும் போறதா இல்ல" என்றார். "காலைல இருந்து இங்கயேதான் இருக்கப்போறேன். உன் பக்கத்துலயே."

மகள் சாவியை இறுக மூடிக்கொண்டாள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இனி வழியில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கேட் திறந்தது, அவருடைய கார் பின்னால் நகர்ந்து வெளியே போயிற்று, கேட் சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு போகிற நேரம். ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டபடி, எந்தப் பக்கமும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் ஜன்னலைச் சாத்தினார். தன் நாற்காலியை இழுத்து வந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்படிப் படுக்கக்கூடாது. இடுப்பு பிடிச்சுக்கும். தலகாணியை எடு."

அவள் அசையவில்லை.

"எடுன்னு சொன்னேன்."

எடுத்தாள்.

"இப்ப முதுகுக்கு வை."

வைத்தாள்.

"தப்பு" என்றார். "எடு. மறுபடியும் வை."